என் மூக்கை நம்பிய பத்து நாட்கள்

கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "இன்னா தனம், ரெண்டு மாசமா ஆளையே காணோம்? ஆஸ்பத்திரின்னாங்க?" ஒருத்திக்குப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவள் வந்து சங்கரா மீன் கிலோ என்ன விலை என்கிறாள். இப்படி அரைகுறையாகச் சொன்னதெல்லாம் ஊர் சுற்றி வந்ததில், எனக்கு ஒரு பக்க நுரையீரலே இல்லை என்று ஆகிவிட்டது. போதுமடா சாமி என்று உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னிரண்டாவது வரை படித்தவள்தான் நான், தமிழில் எப்போதும் நல்ல மார்க். என் மகள் ரேவதி எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறாள். தனக்குப் பிடிக்காத இடத்தை அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் பிறந்தது ஈ.சி.ஆர். பக்கம் ஒரு குப்பத்தில். வாக்கப்பட்டு வந்தது சேலையூருக்கு. என் வீட்டுக்காரர் ஏழுமலை கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் அந்த வண்டியிலேயே கோவளம் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து, ஏழு மணிக்கெல்லாம் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தள்ளிப் பலகை போட்டுவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாயிற்று. இத்தனை வருஷத்தில் கெட்ட மீன் என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதற்குக் காரணம் என் மூக்கு. கூடையைத் திறந்ததும் சொல்லிவிடுவேன், இது நேற்றையது, இது மூன்று நாள் ஐஸில் கிடந்தது என்று. விற்கிறவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். அவன் சத்தியம் யாருக்கு வேண்டும், செவுளைத் தூக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும். என் வாயும் அப்படித்தான். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவேன். ஜங்ஷனில் என்னிடம் பேரம் பேசவே யோசிப்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்ததை மறைப்பானேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் நெஞ்சு கீச்கீச்சென்று சத்தம் போடும். வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்பு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவேன். போன ஐப்பசி மழையில் பிடித்த இருமல் தை பிறந்தும் விடவில்லை. சாயந்திரமானால் காய்ச்சல், வலது மார்புக்குள் ஏதோ கட்டையை வைத்த மாதிரி பாரம். பக்கத்து கிளினிக்கில் கலர் கலராக மாத்திரை கொடுத்தார்கள். காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள், இல்லை என்று வந்தது. வந்து என்ன? வாடிக்கைக்காரர்களுக்கு யார் சொல்வது? மீனை வெட்டும்போது நான் இருமினால் இரண்டடி பின்னால் போய் நிற்பார்கள். துண்டை வாயில் கட்டிக்கொண்டு வெட்டினேன். அப்போதும் வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது.

ஒருநாள் சளியில் ரத்தக் கோடு தெரிந்தது. ஏழுமலை பார்த்துவிட்டார். அன்றைக்கு ஆட்டோவில் ஒரு சவாரியையும் ஏற்றாமல் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு விட்டார். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன், அவர் வண்டியைத் திருப்பவே இல்லை.

காத்திருக்கிற ஹாலில் என்னால் உட்கார முடியாது. இரண்டு நிமிஷம் உட்காருவேன், எழுந்து டோக்கன் போர்டைப் பார்ப்பேன், தண்ணீர் குடிப்பேன், மறுபடி போய் கவுன்ட்டரில் கேட்பேன். "அம்மா, கூப்பிடுவோம்மா, உக்காருங்க" என்று அந்தப் பெண் நாலு தரம் சொல்லிவிட்டாள். "எப்போ கூப்புடுவே? மீனா இருந்தா இந்நேரம் நாறிப் போயிருக்கும்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரேவதி குரோம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். "அம்மா, மானத்தை வாங்காத, கொஞ்சம் சும்மா இரும்மா" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு வளையத்துக்குள் படுக்க வைத்து, மூச்சைப் பிடி, விடு என்று மெஷினே சொல்கிறது. மறுநாள் டாக்டர் வசந்தி படத்தைக் காட்டினார். நுரையீரல் டாக்டர், ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான உருவம், அவசரமே படாத பேச்சு. எனக்கு அந்த நிதானமே எரிச்சலாக இருந்தது.

"தனலட்சுமி, வலது நுரையீரல்ல மூணு பாகம் இருக்கு. மேல் மடல், நடு மடல், கீழ் மடல்னு சொல்லுவோம். உங்களுக்கு நடு மடலுக்குப் போற குழாய் அடைச்சிருக்கு. காத்து போகாததால அந்த மடல் சுருங்கிப் போயிருக்கு. உள்ள மாட்டின இடத்துல கிருமி பெருகுது. அதான் காய்ச்சல்."

"அடைச்சிகினு கீறது இன்னாது? கட்டியா?"

"கட்டி இல்ல. சளி. கெட்டியாகி, கார்க் மாதிரி இறுகிப் போயிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாசமாகக் கேன்சரோ என்று மனதுக்குள் செத்துக்கொண்டிருந்தேன், சளியாம். அந்தச் சிரிப்பு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அடுத்து அவர் சொன்னது இதுதான். டியூப் விட்டு எடுத்துப் பார்ப்போம். வராததை மருந்தால் இளக்கப் பார்ப்போம். பத்து நாளில் திறக்காவிட்டால் அந்த மடல் அழுகி மற்ற இடத்தையும் கெடுக்கும், அப்போது ஆபரேஷன் செய்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

தினமும் என் பலகை முன்னால் நின்றுகொண்டு எல்லோரும் நடுத்துண்டுதான் கேட்பார்கள். தலை வேண்டாம், வால் வேண்டாம், நடுத்துண்டா குடு தனம் என்பார்கள். இப்போது டாக்டர் என் நெஞ்சிலிருந்தே நடுத்துண்டு கேட்கிறார். ஏழுமலையிடம் அப்படிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலையில் இருக்கிற நாலு முடியைக் கொடுத்து முருகனை ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

மூக்கு வழியாக டியூப் விட்டுப் பார்ப்பதற்கு பிராங்கோஸ்கோப்பி என்று பெயர். தொண்டையை மரத்துப்போக வைத்து, அரை மயக்கத்தில், கேமரா வைத்த மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் இறக்குகிறார்கள். இருமக் கூடாது என்பார்கள், இருமல்தான் வரும். முன்னால் இருந்த சளியை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். உள்ளே சின்னச் சின்னக் கிளைகளில் ஒட்டிக்கொண்டிருந்ததை எடுக்க முடியவில்லை. டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எனக்குக் காட்டினார். மஞ்சளும் பழுப்புமாக, கையில் எடுத்தால் அறுந்து போகாமல் நீளும் போலிருந்தது. நான் அருவருப்புப் படவில்லை. கெளுத்தி மீனை ஆய்ந்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

"டாக்டரம்மா, மீனு மேல கீற கொழகொழப்பு மாதிரிதான் கீது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாதிரி என்ன, அதேதாம்மா. ரெண்டுலயும் இருக்கிறது மியூசின்னு ஒரு புரதம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். மியூசின் ஒரு நீள நூல். புட்டி கழுவுகிற பிரஷ்ஷில் சுற்றிலும் முள் நிற்கிற மாதிரி, அந்த நூலைச் சுற்றிலும் சர்க்கரை முள்கள் நிற்கின்றன. காபியில் போடுகிற சர்க்கரை இல்லை, அந்த வகையைச் சேர்ந்தது. அந்த முள்கள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் சளி வழவழப்பாக இருக்கிறது. நூலும் நூலும் முனையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வலை ஆகிவிடும். மூச்சில் வருகிற தூசி, புகை, கிருமி எல்லாம் அந்த வலையில் விழும். மூச்சுக்குழாயின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து அசைந்து அந்த வலையை மேலே தொண்டைக்குத் தள்ளிவிடும். நாம் நமக்கே தெரியாமல் நாள் முழுக்க விழுங்கிக்கொண்டிருக்கிறோமாம். வயிற்றில் இருக்கிற அமிலம் வயிற்றையே அரித்துவிடாமல் காப்பதும் இதே இனம்தான். கண்ணில், வாயில், குடலில் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வகை இருக்கிறது.

நுரையீரலில் முக்கியமாக இரண்டு. மக் 5பி, மக் 5ஏசி என்று பஸ் ரூட் மாதிரி பெயர். முதலாவது தினப்படி குப்பை வாருகிறவன். இரண்டாவது இழுப்புக்காரர்களுக்கு அளவுக்கு மீறிச் சுரக்கும். அது சுவரை விட்டு வராமல் பிடித்துக்கொள்ளும், கெட்டிப்படும், பின்னால் வருவதும் அதிலேயே மாட்டும். பம்பு மருந்தை ஒழுங்காக எடுத்திருந்தால் இவ்வளவு சுரந்திருக்காது என்று கடைசியில் ஒரு குட்டு வைத்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"மீனு புதுசா இருந்தா மேல கீற கொழகொழப்பு கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். வெளுத்துப் போய் பால் மாதிரி ஆச்சுன்னா பழசு. அத்தப் பாத்துதான் நான் மீனே எடுப்பேன்" என்று என் பங்குக்குச் சொன்னேன். "கெளுத்திக்குக் கல்லுப்பு போட்டுத் தேய்ச்சா சுத்தமா வந்துடும்."

"உங்களுக்கும் உப்புதான் குடுக்கப் போறேன்" என்று சிரித்தார் டாக்டர். உப்புத் தண்ணீரைப் புகையாக்கி முகமூடி வழியாக உள்ளே இழுக்க வேண்டும், அந்த உப்பு சுற்றியிருக்கிற தண்ணீரைச் சளிப்பக்கம் இழுத்து இளக வைக்கும். வீக்கம் குறைய ஒரு மருந்து, கிருமிக்கு ஊசி, முதுகில் தட்டிச் சளியைக் கிளப்புகிற பிசியோதெரபி. கூடவே தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற ஒரு மாத்திரை, தினம் இரண்டு வேளை.

உப்பு என்றதும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. முகமூடியைக் கட்டிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை இழுத்தேன்.

வம்பு அந்த மாத்திரையில் வந்தது.

வார்டில் எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது பிரின்ஸி என்கிற சிஸ்டர். இருபத்து மூன்று வயது இருக்கும், மெல்லிய குரல், நடந்தால் சத்தமே வராது. முதல் நாள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி மாத்திரையைப் போட்டு நீட்டினாள். நுரை பொங்கியது. வாய்கிட்டே கொண்டுபோனேன், குப்பென்று அடித்தது. அழுகின முட்டை நாற்றம்.

"இன்னாம்மா இது? கெட்டுப் போன மாத்திரையைக் குடுக்கிறே?"

"இல்லக்கா, அது அப்படித்தான் வாசனை வரும். டேட் எல்லாம் இருக்கு, பாருங்க" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"தேதிய நீ நம்பு, மூக்க நான் நம்புறேன். இருவத்திரெண்டு வருசமா நாத்தம் பாத்துகினு கீறவ நான். யார்கிட்ட கத விடுறே? மிச்சம் மீதி ஸ்டாக்க எல்லாம் எங்க தலையில கட்டுறீங்களா?"

நான் சாதாரணமாகப் பேசினாலே ஜங்ஷனுக்குக் கேட்கும், அன்றைக்குக் கோபம் வேறு. வார்டு முழுக்க எட்டிப் பார்த்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த லலிதா டீச்சர், "சத்தம் போடாதீங்க, நானும் அதைத்தான் குடிக்கிறேன், அப்படித்தான் நாறும்" என்றார். "உங்களையும் சேத்து ஏமாத்துறாங்க டீச்சர்" என்றேன். பிரின்ஸியின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போனதும் டம்ளரை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனேன். ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். சாயந்திரம் வந்து, "குடிச்சீங்களாக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்றேன். கையில் வைத்திருந்த தாளில் டிக் போட்டாள். அதிலிருந்து தினம் இரண்டு வேளை இதே நாடகம். டம்ளர் வரும், பேசினில் போகும், தாளில் டிக் விழும்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இப்போது யாரும் சொல்லலாம். கேட்கத் தோன்றவில்லை. கெட்டுப் போனது கெட்டுப் போனதுதான், அதை இன்னொருத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற அளவுக்கு என் மூக்கு இறங்கிவிடவில்லை என்கிற திமிர்.

நாள் போவேனா என்றது. கட்டிலில் கிடந்து பழக்கமில்லை. கையில் ஊசி சொருகியிருக்கும், டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் போகும், எனக்குக் கால் பரபரக்கும். கடைப் பலகையை யாராவது பிடித்துவிடுவார்களோ, கோவளத்தில் இன்றைக்கு என்ன மீன் விழுந்ததோ என்று மனசு ஒரு இடத்தில் நிற்காது. ரேவதி ஆபீஸ் போகிற வழியில் வந்து எனக்குத் தலை பின்னிவிட்டுப் போவாள். எட்டாவது படிக்கும்போது நான் பின்னினால் வலிக்கிறது என்று கத்தியவள், இப்போது என் சிக்கை ஒரு முடி அறாமல் எடுக்கிறாள். ஏழுமலை தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவார். அவரே வைத்த குழம்பு, வாயில் வைக்க முடியாது. "எப்படிக் கீது?" என்று ஆசையாகக் கேட்பார். "நல்லாக் கீது" என்று சொல்லிச் சாப்பிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அவர் சமையலை நான் திட்டாத ஒரே வாரம் அதுதான்.

பிரின்ஸிக்கு என்மேல் பயம் இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஊசி போட்ட இடம் வீங்கினால் சொல்லாமலே வந்து ஒத்தடம் கொடுப்பாள். ஒருநாள் எனக்கு உப்புப் புகை பிடிக்கும்போது தானாகப் பேசினாள். விழுப்புரம் பக்கம் ஊராம், தம்பி படிக்கிறானாம். "இங்க ஆறு மாசம் பாத்துட்டுதான்கா நிரந்தரம் பண்ணுவாங்க. எனக்கு அஞ்சு மாசம் முடிஞ்சிடுச்சு" என்றாள். முகமூடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினேன்.

எட்டாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் டாக்டர் வசந்தி வந்தார், கூடவே ஆபரேஷன் செய்கிற டாக்டரும். ஏழுமலையும் ரேவதியும் இருந்தார்கள். பிரின்ஸி ஃபைலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"நடு மடல் திறக்கல" என்றார் டாக்டர் வசந்தி. "காய்ச்சலும் முழுசா அடங்கல. நாளைக்கு மறுநாள் ஆபரேஷன் வச்சுக்கலாம்னு நினைக்கிறோம்."

ஏழுமலை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரேவதிதான் கேட்டாள். "எல்லா மருந்தும் குடுத்தீங்களே டாக்டர், ஏன் கரையல? அந்த நுரை வர்ற மாத்திரைகூட டெய்லி குடுத்தாங்களே?"

"அதுதான் எனக்கும் ஏமாற்றம். மியூசின் நூல்களைச் சேத்துப் பிடிக்கிற முடிச்சு இருக்கே, அது கந்தகமும் கந்தகமும் கைகோத்துக்கிற முடிச்சு. அந்த மாத்திரையில இருக்கிற கந்தகம் போய் அதை அவிழ்க்கும். அதனாலதான் அப்படி நாறுது, அழுகின முட்டை மாதிரி. மருந்து சில பேருக்கு நல்லாவே கேக்கும், சில பேருக்குக் கேக்காது. இவங்க சார்ட்ல ஒரு வேளைகூட விடாம எடுத்திருக்காங்க. அப்படியும் இளகலைன்னா இனிமே காத்திருக்கிறதுல அர்த்தமில்ல."

 நாறினால்தான் அது நல்ல சரக்கு. என் மூக்கு சொன்னது சரி, நான் எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் தலைகீழ். ஒன்பது நாளாக மருந்தை வாஷ்பேசினுக்கு ஊட்டிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று என் நெஞ்சை அறுக்கப் போகிறார்கள்.

வாயைத் திறந்தேன். பிரின்ஸியைப் பார்த்தேன். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளில் இருக்கிற டிக் எல்லாம் அவள் போட்டது. கண்ணால் பார்க்காமல் நான் சொன்னதை நம்பிப் போட்டது. இப்போது நான் சொன்னால் இந்த இடத்திலேயே அவள் வேலை போகும். வாயை மூடிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நானாக வாயை மூடியது அன்றைக்குத்தான்.

அன்று பகல் முழுக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது. வராந்தாவில் நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். ஒரு துண்டுதானே, போனால் போகட்டும், ஒரு பெண்ணின் பிழைப்பு அதைவிடப் பெரிசு என்று ஒரு நேரம் தோன்றும். அடுத்த நிமிஷம், கத்தி என் நெஞ்சுக்கல்லவா வருகிறது, அதற்கப்புறம் கூடை தூக்க முடியுமா, கூவ முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். நடுநடுவே அவள்மேல் கோபம் வேறு. நின்று பார்த்துவிட்டு டிக் போட்டிருக்க வேண்டியதுதானே? அந்தக் கோபம் வந்த உடனே வெட்கமாகவும் இருந்தது. ஊற்றினது யார்? லலிதா டீச்சர், "ஏன் இப்படி அலையறீங்க, தலை சுத்துது எனக்கு" என்றார். டீச்சருக்குச் சளி இளகி, மறுநாள் வீட்டுக்குப் போகப் போகிறார். அவர் எந்த மருந்தில் தேறினார் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பத்தாம் நாள் காலை, கையெழுத்துப் போடும் தாளை நீட்டினார்கள். ஏழுமலை முதலில் போட்டார். பெயர் கோணலாக விழுந்தது. கடலில் புயலைப் பார்த்த மனுஷன். பேனாவை என்னிடம் கொடுத்தார். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"டாக்டரம்மா, நான் அந்த மாத்திரைய குடிக்கவே இல்ல" என்றேன். "எல்லாத்தையும் பேசின்ல ஊத்திட்டேன். நாத்தம் அடிச்சுது, கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுமேல தப்பில்ல. குடிச்சேன்னு நான்தான் பொய் சொன்னேன்."

 ஏழுமலை மெதுவாக, "அடிப்பாவி" என்றார். திட்டாகத் தெரியவில்லை, உயிர் வந்த மாதிரி இருந்தது.

டாக்டர் வசந்திக்குக் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். குரலை உயர்த்தவில்லை. "ஒன்பது நாள் நான் ஒரு பொய்யை வச்சு முடிவெடுத்திருக்கேன்" என்றார். பிறகு பிரின்ஸியிடம் திரும்பி, "நீ பாத்தியா, பாக்காம டிக் போட்டியா?" என்று கேட்டார். அவள், "பாக்கல டாக்டர்" என்றாள். "என்னைக் கேளுங்க, அந்தப் பொண்ண ஏன் கேக்கறீங்க?" என்று நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க" என்றார் டாக்டர். உட்கார்ந்தேன். அன்று மத்தியானமே பிரின்ஸியை மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள், எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். "இந்த மாத்திரையாலதான் திறக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா முயற்சியே பண்ணாம கத்தியை எடுக்க மாட்டேன்" என்று டாக்டர் ஒரு வாரம் கொடுத்தார். இப்போது இரண்டு வேளையும் ஒரு சீனியர் சிஸ்டர் எதிரில் நின்று குடிக்க வைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஏப்பம் விட்டால்கூட முட்டை நாற்றம். உப்புப் புகை பிடிப்பேன், பிசியோதெரபிக்காரர் முதுகில் படபடவென்று தட்டுவார், ஒருக்களித்துப் படுத்து இருமுவேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சளி கொஞ்சம் தண்ணீராக வந்தது. ஐந்தாம் நாள் காலையில் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு இருமல் வந்தது, அடிவயிற்றைக் கிள்ளிக்கொண்டு. தொண்டையில் ஏதோ வந்து நின்றது. டப்பாவில் துப்பினேன்.

சுண்டுவிரல் நீளத்துக்கு, கிளை கிளையாக இருந்தது. உள்ளே குழாய் எப்படிப் பிரிகிறதோ அப்படியே வார்த்து எடுத்த மாதிரி. பிசியோதெரபிக்காரர், "அம்மா, இதுதான்மா!" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினார். நான் மூச்சை இழுத்தேன். வலது மார்புக்குள், மூன்று மாசமாகக் காற்றே போகாத ஒரு இடத்துக்குள் ஜில்லென்று போயிற்று. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஓவென்று அழுதேன், அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் நடு மடல் முக்கால்வாசி விரிந்திருந்தது. மீதி மெதுவாக விரியும், சின்ன ஓரம் ஒன்று விரியாமலே போகலாம், பரவாயில்லை, கத்தி தேவையில்லை என்றார் டாக்டர் வசந்தி. இன்னும் இரண்டு வாரம் மாத்திரை. பம்பு மருந்து ஆயுளுக்கும். ஃபிரிட்ஜ் மேல் வைக்கக் கூடாது என்று அவரே சொன்னார், ரேவதி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போகிற நாளில், ஏழுமலை கீழே ஆட்டோவைக் கொண்டுவரப் போயிருந்தார். நான் ரேவதியிடம் சொல்லிவிட்டு மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். மூச்சு வாங்கவில்லை. பிரின்ஸி மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினாள்.

"என்னால உனக்குக் கெட்ட பேரு. வேல இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"போகலக்கா. இன்னும் ஆறு மாசம் பாத்துட்டுதான் நிரந்தரம் பண்ணுவாங்களாம்."

"நான் பொய் சொன்னதுக்கு உனக்கு ஆறு மாசமா? நான் போயி உங்க பெரிய நர்சு மேடத்தாண்ட கேக்கறேன்" என்று திரும்பினேன்.

"வேணாம்கா. நீங்க பொய் சொன்னதுக்கு இல்ல." கையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு மூணாவது நாளே தெரியும்கா. வாஷ்பேசின்கிட்ட போனாலே அந்த நாத்தம் வரும். குடிச்சவங்க வாயிலதான வரணும். உங்ககிட்ட கேக்கணும்னு வந்து நின்னேன். நீங்க 'இன்னா?'ன்னு திரும்பிப் பாத்தீங்க. மொத நாள் மாதிரி எல்லார் முன்னாடியும் கத்துவீங்கன்னு பயந்துட்டேன். டிக் போட்டுட்டு வந்துட்டேன். ஆபரேஷன்னு சொன்னப்பவும் என்னால வாயைத் திறக்க முடியல."

 அவளைக் காப்பாற்றுவதா என்னைக் காப்பாற்றிக்கொள்வதா என்று ஒரு பகல் முழுக்க வராந்தாவைத் தேய்த்தேன். என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டியவளின் வாயை முதல் நாளே நான்தான் அடைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தேன், அதுகூட என் வாயில் சத்தமாகத்தான் வரும் போலிருந்தது.

அவளே கேட்டாள், "காலை மாத்திரை போட்டாச்சாக்கா?"

இன்னும் இல்லை. கிளம்புகிற அவசரத்தில் பையிலேயே இருந்தது. பையைத் திறந்து பார்த்து எடுத்துக் கொடுத்தேன். டம்ளரில் தண்ணீர் பிடித்து, மாத்திரையைப் போட்டு, நுரை அடங்கும் வரை பொறுத்திருந்து நீட்டினாள். மூக்கைப் பிடிக்காமல் குடித்தேன். கடைசி வாய் இறங்கும் வரை அவள் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாயைத் தெறங்க" என்றாள்.

திறந்து காட்டினேன்.